வாவிக்கரை அரண்மனை யாருடையது?

பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்புகள் சிலவேளைகளில் வீட்டிலுள்ள பெரியவர்களையே பரீட்சைக்கு உட்படுத்திவிடுகின்றன. அண்மையில் நமக்கு அவ்வாறான ஓர் அனுபவம் வாய்த்தது.

எம் தங்கையின் மகன் பத்தாம் வகுப்பில் படிப்பவன். பழைய கோட்டை ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி வருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். பையன் இங்கிலாந்திலுள்ள விண்ட்சர் கோட்டையைத் தெரிந்தெடுத்து இரண்டு தாள் நிறைய எழுதி வந்து, பிழை திருத்தித் தருமாறு நம்மிடம் நீட்டினான். நன்றாகவே எழுதியிருந்தான். 1066 ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன், தேம்ஸ் நதிக்கரைக் குன்றிலே மண்மேடும் மரவேலியுமாக அக்கோட்டையை அமைத்ததையும், பின்வந்த அரசர்கள் அதனைக் கல்லால் கட்டியதையும், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அது அரச குடும்பத்தின் உறைவிடமாக இருந்து வருவதையும் விவரித்திருந்தான். 1992 நவம்பர் 20 அன்று அங்கே பெருந்தீ மூண்டதையும், ஐந்தாண்டுக் காலம் உழைத்து அதனைப் புதுப்பித்ததையுங்கூட விட்டுவைக்கவில்லை.

பாராட்டிவிட்டு, “எல்லாம் சரி தம்பி, நம் ஊரிலேயே ஓர் அரண்மனை இருக்கிறதே, அதைப்பற்றி ஏன் எழுதவில்லை?” என்று கேட்டோம்.

பையன் சற்றும் யோசியாமல் விடை சொன்னான்: “அது எங்களுடையது இல்லையே, மாமா!”

அவன் கோபத்துடன் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போல, எல்லோரும் அறிந்த ஒரு செய்தியைச் சொன்னான். அதுதான் நம்மை உறுத்தியது. விண்ட்சர் கோட்டை தன்னுடையதா என்று அவன் யோசித்துப் பார்த்திருக்கமாட்டான். கண்டி அரண்மனை தன்னுடையதன்று என்பதில் மட்டும் அவனுக்கு ஐயமே இல்லை.

அவனைக் குற்றஞ்சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்று எண்ணிப் பார்த்தோம். கண்டியிலே பிறந்து, கண்டியிலே படித்து, கண்டியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம் பார்த்தவர் நாம். நாள்தோறும் வாவிக்கரை வழியே சென்று வந்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்த விருந்தினரைத் தலதா மாளிகை வாசல் வரை அழைத்துச் சென்றிருக்கிறோம். ஆனால் அதன் அருகே நிற்கும் அரசமாளிகைக்குள் நாம் கடைசியாகக் காலெடுத்து வைத்தது எப்போது? பாடசாலை மாணவனாக இருந்தபோது!

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எம் பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கண்டி நகரின் காசல் வீதியில் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்தவர். ‘காசல்’ என்றால் ஆங்கிலத்தில் கோட்டை என்பது பொருள். இன்று அவ்வீதிக்குக் கொட்டுகொடல்ல வீதி என்று பெயர். பாட்டனாருக்குப்பின் தந்தையார் அக்கடையை நடத்தினார். இரவு கடையைப் பூட்டிவிட்டு, வாவிக்கரையில் ஒரு சுற்று நடந்து, மகுல் மடுவ என்னும் அரசமண்டபத்தின் முன் சிறிது நின்று, பின்னர் வீடு திரும்புவது அவருடைய வழக்கம். 1983 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த வீதியிலே தமிழர் கடைகள் எரிந்தபோது எமது கடையும் எரிந்தது. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் எம்மை இரண்டு இரவுகள் தம் வீட்டில் வைத்துக் காத்தார்கள். உயிர் தப்பியது, கடை தப்பவில்லை. அதன்பின் தந்தையார் வாவிக்கரைப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் நடவாத வழியில் நாமும் நில்லாமல் கடந்து போகப் பழகிக்கொண்டோம். பையன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தவை இவை. ஆயினும் வீட்டிலே பேசப்படாத செய்திகளையுங்கூடப் பிள்ளைகள் எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை பையனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வாவிக்கரையை அடைந்ததும் அவன் கேட்ட முதற் கேள்வி, “மாமா, இது கோட்டையா, அரண்மனையா? மதில் எங்கே?” என்பதுதான். நல்ல கேள்வி. விண்ட்சரின் படத்தைப் பார்த்த கண்ணுக்கு வானளாவிய கல்மதிலும் உருண்டைக் கோபுரமும் இல்லாத அரசிருக்கை விசித்திரமாகத் தோன்றுவது இயல்பே. கண்டி அரசர்கள் கல்லை நம்பி இருந்தவர்கள் அல்லர். சுற்றியிருந்த மலைகளும், மூன்று புறமும் வளைந்தோடிய மகாவலி கங்கையும், அடர்ந்த காடும், ஒற்றையடிக் கணவாய்களுமே அவர்களுக்கு மதில்களாக அமைந்தன. பகைவன் படையுடன் ஏறிவந்தால் அரசனும் குடிகளும் நகரை விட்டு மலைக்குள் மறைவார்கள். வெறுமையான நகரைப் பிடித்த பகைவன் உணவின்றியும் காய்ச்சலாலும் வாடித் திரும்பும்போது, கணவாய்களில் மறைந்திருந்து தாக்குவார்கள்.

போர்த்துக்கேயர் பன்முறை வந்து நகரை எரித்தார்கள். 1765 இல் ஒல்லாந்தர் வந்து அரண்மனையைச் சூறையாடினார்கள். 1803 இல் ஆங்கிலேயர் நகருக்குள் புகுந்து, காவற்படை ஒன்றை நிறுத்திவைத்து, சில மாதங்களிலே அதனை இழந்தார்கள். ஒவ்வொரு முறையும் எரிந்த இடத்திலேயே மரமும் ஓடும் கொண்டு அரண்மனை மீண்டும் எழுந்தது. முதலாம் விமலதர்மசூரியன் 1592 இல் அரசேறிக் கண்டியைத் தலைநகராக வலுப்படுத்திய காலந்தொட்டு இருநூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே நடந்தது. “விண்ட்சரை ஒருமுறை எரித்த தீயைப்பற்றி எழுதியிருக்கிறாய். இங்கே எத்தனை தீ என்று எண்ணிப் பார்,” என்றோம். பையன் விரல்களை மடக்கத் தொடங்கினான்.

இன்று நாம் காணும் அழகின் பெரும்பகுதி கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தது. எண்கோண வடிவிலே முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் பத்திரிப்புவ என்னும் மண்டபம், மேகக்கூட்டம் போல வளைந்து செல்லும் சுவர், நீரலை போன்ற சுவர், வயல்வெளியாகக் கிடந்த இடத்தை அணைகட்டி 1812 இல் நிறைவேற்றிய வாவி ஆகிய யாவும் அவன் பெயரோடு சேர்ந்தவை. அவற்றை வகுத்தவன் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி. பத்திரிப்புவவில் நின்று அரசன் மக்களுக்குக் காட்சியளிப்பது வழக்கம். இப்போது அங்கே ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கிறார்கள்.

அழகை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நேர்மையாகாது. அந்த வாவியை வெட்டியவர்கள் கூலி பெற்று உழைத்தவர்கள் அல்லர். அரச கட்டளைக்கு அஞ்சி உழைத்த குடிகள். அதனால் எழுந்த மனக்கசப்பும் அரசனின் வீழ்ச்சிக்கு வழிகோலியது. 1814 இல், தனக்கு எதிராக எழுந்த எகலப்பொலை என்னும் பிரதானியின் மனைவியையும் பிள்ளைகளையும் அவன் கொல்லுவித்தான். இன்றும் அக்கதையைச் சொல்லும்போது கண்டிப் பகுதிப் பெரியவர்களின் குரல் தழுதழுக்கும். பையனுக்கு இதையும் சொன்னோம். அவன் வாவியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாவியின் ஓரத்திலே நீருக்குள் இறங்கி நிற்பது போன்ற கட்டடம், அரசியர் நீராடிய உல்பென்கே. ஆங்கிலேயர் அதன்மேல் ஒரு மாடியை எழுப்பி நூலகமாக்கினர். இவ்வாறே அரண்மனையின் பகுதிகள் ஒவ்வொன்றும் காலத்துக்கேற்பப் பயன் மாறின. அரசன் வாழ்ந்த நீண்ட மாளிகையில் 1815 இற்குப் பின் ஆங்கில அதிகாரிகள் குடியிருந்தனர். பின்னாளில் அது தொல்பொருள் நூதனசாலையாயிற்று. அரசியர் வாழ்ந்த பள்ளே வாசல என்னும் மாளிகையும் இன்று தேசிய நூதனசாலையாக இருக்கிறது.

மெத வாசல என்னும் சிறிய அந்தப்புரக் கட்டடத்தைப் பார்த்ததும், “இவ்வளவுதானா?” என்று பையன் வியந்தான். மெய்தான். நடுவிலே வானம் தெரியும் சிறு முற்றம், சுற்றிலும் தாழ்ந்த திண்ணை, பழைய மரக்கதவு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும் செட்டிநாட்டு வீட்டையும் கண்டவர்களுக்கு இந்த முற்றம் அயலானதாகத் தோன்றாது. மழைநீர் விழும் முற்றத்தைச் சுற்றிக் குடும்பம் வாழ்வது நம் நாட்டவர் யாவருக்கும் பொதுவான பழக்கம். அரசியரும் அவ்வாறே வாழ்ந்திருக்கிறார்கள்.

அங்கே நின்ற முதிய காவலாளியிடம், இவ்விடத்தில் யார் இருந்தார்கள் என்று சிங்களத்தில் விசாரித்தோம். “அபே ரஜ்ஜுருவன்கே கெதர,” என்றார் அவர் பெருமையோடு. ‘எங்கள் அரசருடைய வீடு’ என்பது அதன் பொருள். பையன் நம் முகத்தைப் பார்த்தான். ‘நான் சொன்னேன் அல்லவா?’ என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

மரநிழலில் அவனை உட்கார வைத்து அந்த அரசர் யார் என்பதைச் சொன்னோம்.

கண்டியின் கடைசி நான்கு அரசர்களும் மதுரை நாயக்கர் வழிவந்தவர்கள். 1739 இல் வீர நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து மணமுடித்து வந்த அவனுடைய பட்டத்தரசியின் தம்பி, ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அவனுக்குப்பின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1747 இலும், இராஜாதி இராஜசிங்கன் 1782 இலும், ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1798 இலும் முடிசூடினர். கடைசி அரசனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. அரசரின் உறவினர் குடியிருந்த தெருவை ஆங்கிலேயர் மலபார் வீதி என்று அழைத்தனர். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரைக் குறிக்க வழங்கிய சொல் மலபார் என்பது.

பையனுடைய கண்கள் மலர்ந்தன. “அப்படியானால் இது எங்களுடையதுதான்!” என்றான்.

“பொறு,” என்றோம். சைவ மரபிலே பிறந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, 1753 இல் இலங்கையின் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தவன். விகாரைகள் பலவற்றைப் புதுப்பித்தவனும், நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் பெரஹராவோடு புனித தந்தத்தின் பவனியையும் சேர்த்தவனும் அவனே. அந்தக் கதிர்காம தேவாலயத்திலேதான் எம் அன்னையார் வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி வந்தார். நாயக்கர் வழிவந்த அவ்வரசர்கள் சிங்கள நாட்டின் அரசர்களாகவே ஆண்டார்கள். தெற்கேயிருந்து வந்த குருதியும் மலைநாட்டு மரபும் ஒன்றாய்க் கலந்துவிட்ட பின்னர், கத்தி கொண்டு இரண்டாக வெட்டி இது உனது, இது எனது என்று எவ்வாறு பிரிப்பது?

“விண்ட்சரைப்பற்றி எழுதினாயே, அங்கே வாழும் அரச குடும்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா?” என்று கேட்டோம். பையனுக்குத் தெரியவில்லை. கோட்டையைத் தொடங்கிய வில்லியமே நோர்மண்டியிலிருந்து வந்தவன். பின்னர் 1714 இல் ஆன் அரசி வாரிசின்றி இறக்க, ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஜோர்ஜ் என்பவரை அழைத்து வந்து முடிசூட்டினார்கள். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், அரச குடும்பம் தன் ஜெர்மானியப் பெயரை நீக்கிவிட்டு, அந்தக் கோட்டையின் பெயரையே சூடிக்கொண்டு ‘விண்ட்சர்’ குடும்பமாயிற்று. ஹனோவரிலிருந்து வந்தவர் இலண்டனில் முடிசூடிய இருபத்தைந்தாம் ஆண்டில், மதுரை வழிவந்தவர் கண்டியில் முடிசூடினார். முன்னவரின் வழியினரை ஆங்கிலேயர் தம் அரசர்களாக ஏற்றுக்கொண்டார்கள். பின்னவரின் வழியினருக்கு நேர்ந்தது வேறு.

அதனைச் சொல்வதற்காக மகுல் மடுவவுக்கு நடந்தோம். இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தில் முடிந்த மண்டபம் அது. சுவர்கள் இல்லை; வரிசை வரிசையாகச் செதுக்கிய மரத்தூண்கள் மட்டுமே கூரையைத் தாங்குகின்றன. பூவும் கொடியும் வளைவுகளுமாக உளி நடந்த ஒவ்வொரு தூணையும் பையன் தொடாமல் தொட்டுப் பார்த்தான்.

1815 பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரப் பகுதியிலே மறைந்திருந்த அரசன் பிடிபட்டான். மார்ச் 2 அன்று இதே மண்டபத்தில், தேசாதிபதி ரொபேட் பிரவுன்றிக் முன்னிலையில், கண்டிப் பிரதானிகளுக்கு உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் பெயரால் எழுதப்பட்டது அது. கண்டி அரசனை ‘மலபார்’ ஆட்சியாளன் என்று சுட்டி, அவன் கொடுமைகளைக் காரணங்காட்டி, அவனை நீக்கியது. அத்துடன் நில்லாது, அவனுடைய உறவினரையும், கண்டி நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்களையும் அனுமதியின்றித் திரும்பக்கூடாது என்று தடுத்தது. ஹனோவரிலிருந்து வந்தவரின் வழித்தோன்றல், மதுரையிலிருந்து வந்தவரின் வழித்தோன்றலை அயலான் என்று நீக்கினார்!

இன்னொன்றும் உண்டு. தமிழரை விலக்கிய அதே உடன்படிக்கையிலே, ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகள் சிலருடைய கையொப்பம் தமிழ் எழுத்துகளிலே காணப்படுகிறது. தமிழ் அந்த அரசசபையில் அவ்வளவு பழகிய மொழி. மேலும் பத்து ஆண்டுகள் செல்லுமுன், கோப்பித் தோட்டங்களுக்காக அதே ஆங்கில ஆட்சி தமிழகத்திலிருந்து தொழிலாளரைத் தானே மலைநாட்டுக்கு அழைத்து வரத் தொடங்கியது. வரக்கூடாதென்று எழுதிய கையே வாருங்கள் என்று அழைத்தது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய குடியுரிமை 1948 இல் சட்டத்தால் பறிக்கப்பட்டது. 1964 இல் இரு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி பல்லாயிரம் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. எம் அத்தையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இதைச் சொன்னபோது, “அத்தைப் பாட்டியா?” என்று பையன் கேட்டான். அவன் அறிந்த கதைதான். ஆனால் அக்கதையும் அரசன் கதையும் ஒரே மண்டபத்திலே வந்து கூடும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

நீக்கப்பட்ட அரசனையும் குடும்பத்தாரையும் 1816 ஜனவரியில் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பி, வேலூர்க் கோட்டையிலே சிறைவைத்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன், வைத்தியத்தின் பொருட்டு நாம் வேலூருக்குச் சென்றிருந்த காலத்தில் ஒரு மாலைப்பொழுது அங்கே போனோம். அகன்ற அகழி, பெரிய கருங்கல் மதில், உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில். மதிலில்லாத அரண்மனையில் வாழ்ந்தவனுக்கு விண்ட்சரைப் போன்ற கல்மதில் சிறையிலேதான் கிடைத்தது. அங்குள்ள மாளிகைகளுள் ஒன்றுக்கு இன்றும் கண்டி மகால் என்று பெயர். பதினாறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1832 ஜனவரி 30 அன்று அரசன் காலமானான். பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதி இருக்கிறது. அதன்மேல் 1990 இல் தமிழ்நாட்டு அரசு முத்து மண்டபம் அமைத்தது. ஊர் பெயரைக் கேட்ட ஒருவர், “கண்டியா? உங்கள் ராஜா இங்கேதான் இருக்கிறார்,” என்று நமக்கு வழிகாட்டினார். கண்டியிலே நம்மை எவரும் அந்த அரசனோடு சேர்த்துப் பேசியதில்லை. வேலூரிலே அவர் எவ்விதத் தயக்கமும் இன்றி ‘உங்கள் ராஜா’ என்றுவிட்டார்.

“அரசன் வேலூர் போனான். சிம்மாசனம் எங்கே போயிற்று தெரியுமா?” என்று பையனிடம் கேட்டோம். “உன் கட்டுரையில் நீ விட்டுவிட்ட செய்தி அதுதான். விண்ட்சர் கோட்டைக்குப் போயிற்று!”

பையன் திடுக்கிட்டான். 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது அச்சிம்மாசனம். பொன்தகடு போர்த்தி, இருபுறமும் சிங்கங்களைக் கைபிடியாக வைத்து, தலைமேல் கதிரவனைப் பொறித்து இயற்றப்பட்டது. கண்டி அரசர்கள் வழிவழியாக அமர்ந்த அந்த ஆசனம் ஆங்கில அரசருக்குரிய பொருளாக விண்ட்சர் போய்ச் சேர்ந்தது. கண்டி உடன்படிக்கை எவர் பெயரால் எழுதப்பட்டதோ அந்த மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் அப்போது கண்பார்வை இழந்து, சித்தம் கலங்கி, அதே கோட்டையின் அறைகளில் ஒதுங்கி வாழ்ந்தார். 1820 இல் அங்கேயே மறைந்தார். வேலூரில் ஓர் அரசன், விண்ட்சரில் ஓர் அரசர்; இருவரும் கோட்டைகளுக்குள்ளேயே நாட்களை எண்ணினார்கள். 1934 இல், குளொஸ்டர் கோமகன் சிம்மாசனத்தை இலங்கைக்குத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சிம்மாசனம் திரும்பியது, அதில் அமர்ந்தவன் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. பையன் ஒரு தூணருகே நின்று, “மாமா, தாத்தா இங்கே வந்து நிற்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பிறகு ஏன் வராமல் விட்டார்?” என்று கேட்டான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருந்தது. 1983 ஜூலையில் நடந்ததைச் சொன்னோம். பின்னர், அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னோம்.

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை. வீட்டுச் சன்னல்கள் அதிரும்படி ஒரு வெடியோசை கேட்டது. தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியை வெடிக்க வைத்திருந்தார்கள். உயிர்கள் பல மாண்டன. மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன. சுற்றியிருந்த பழைய கட்டடங்களும் தப்பவில்லை. நகரெங்கும் அச்சம் சூழ்ந்தது. கண்டித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல நாமும் கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொரு 1983 வருமோ என்று நடுங்கியிருந்தோம். மாலையில், செய்தி விசாரித்து வந்த அயலவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தந்தையார் அப்போது எழுபதைத் தாண்டியவர். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து தள்ளாடி வாசலுக்கு வந்து, அந்த அயலவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “மண்டபத்துத் தூண்கள் நிற்கின்றனவா?”

பதினைந்து ஆண்டுகள் அப்பக்கம் எட்டிப்பாராதவர் கேட்ட கேள்வி அது. நிற்கின்றன என்று அயலவர் சொன்னதும், தந்தையார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தம் கடை எரிந்தபோது நாம் அவர் கண்ணீரைக் கண்டதில்லை. சில மாதங்களில், பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, நம் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை அங்கே வந்தார். தச்சர்களும் சிற்பிகளும் ஓவியர்களும் வேலை செய்வதை ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெடிப்பில் பூச்சு உதிர்ந்த சுவரிலே, அடியில் மறைந்து கிடந்த பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன என்று ஒருவர் சொல்லக் கேட்டு, “அவையும் இருந்தனவா!” என்று வியந்தார். திருப்பணி 1999 இல் நிறைவெய்தியது. தந்தையார் அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை.

பையன் வெகுநேரம் பேசவில்லை. ஒரு பொருள் யாருடையது என்பதை அறிய உறுதிப்பத்திரத்தைப் பார்ப்பது நீதிமன்ற வழக்கம். அது சிதைந்தது என்று கேட்டதும் யாருடைய நெஞ்சு பதறுகிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. எம் தந்தையாரிடம் அரண்மனைக்கு உறுதிப்பத்திரம் இருக்கவில்லை. அன்று மாலை அவர் கேட்ட கேள்வி மட்டுமே இருந்தது.

வீடு திரும்பும் வழியில் பையனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. “அந்தக் காவலாளி ‘அபே’ என்றாரே மாமா, ‘எங்கள்’ என்று சொன்னாரா, ‘நம்’ என்று சொன்னாரா?” என்று கேட்டான். நாம் நடையை நிறுத்திவிட்டோம். தமிழிலே கேட்பவரை விலக்கிச் சொல்ல ‘எங்கள்’ என்று ஒரு சொல்லும், கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ‘நம்’ என்று ஒரு சொல்லும் இருக்கின்றன. சிங்களத்தில் இரண்டுக்கும் ‘அபே’ ஒன்றே. அந்த முதியவர் நம்மையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். ‘எங்கள்’ என்று அதை மொழிபெயர்த்து, நம்மை வெளியே நிறுத்திக்கொண்டவர்கள் நாமே!

பையன் விண்ட்சர் கட்டுரையைக் கிழித்தெறியவில்லை. நாமும் அதை விரும்பவில்லை. அதன் நடுவிலே சிம்மாசனத்தைச் சேர்த்தான். அங்கிருந்து கண்டிக்கு வந்து, பிற்பாதி முழுவதையும் வாவிக்கரை அரண்மனைக்கு ஒதுக்கினான். ஆசிரியர் என்ன புள்ளி போட்டார் என்பது முக்கியமன்று.

கண்டியிலும் சுற்றூர்களிலும் வாழும் பெற்றாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். பாடசாலை விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். அரசனின் அழகையும் சொல்லுங்கள், கொடுமையையும் சொல்லுங்கள். எரித்தவர்களையும் சொல்லுங்கள்; எழுப்பியவர்களையும் சொல்லுங்கள். மகுல் மடுவவின் தூண் ஒன்றின் அருகே சிறிது நேரம் நில்லுங்கள். நாம் இப்போது மாதத்துக்கு ஒருமுறையேனும் போய் நிற்கிறோம். சென்ற முறை அந்தக் காவலாளி நம்மை அடையாளங்கண்டு, பையன் வரவில்லையா என்று கேட்டார். பரீட்சை முடிந்ததும் நம் அரண்மனைக்கு வருவான் என்று சிங்களத்திலே விடை சொன்னோம். ‘அபே’ என்ற சொல் அப்போது நம் வாயிலும் தடையின்றி வந்தது.